நிக்கல் அலசு நீருக்கு எலக்ட்ரோடயாலிசிஸ்: சவ்வுகளில் பச்சைப் படிவு ஏன் உண்டாகிறது?

முலாம் பிரிவுப் பொறியாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நிக்கல் முலாம் பூசும் பிரிவு ஒன்றில் கழிவுநீர்ப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். முலாம் தொட்டியில் நிக்கல் சல்பேட்டு, நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் ஆகியவை கலந்த வழக்கமான வாட்ஸ் கரைசல் இருக்கிறது. முலாம் பூசிய பொருள்களைத் தூக்கும்போது அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டு மணிக்குச் சுமார் 60 கிராம் நிக்கல் அலசு நீருக்குள் போய்விடுகிறது. இப்போது காஸ்டிக் சோடா சேர்த்து அதை ஹைட்ராக்சைடாக வீழ்படிவாக்கிக் கசடாக ஒதுக்குகிறோம். தொட்டிக்கென்று வாங்கிய உலோகத்தையே நச்சுக் கசடாக மாற்றி அனுப்புவது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது. அதனால்தான் அயனிப் பரிமாற்றச் சவ்வுகளைக் கொண்டு நிக்கலை மீட்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கினேன்.

ஆய்வகத்தில் 10 அறை இணைகள் கொண்ட சிறிய எலக்ட்ரோடயாலிசிஸ் (மின்சாரத்தால் அயனிகளைச் சவ்வுகள் வழியே நகர்த்திப் பிரிக்கும் முறை) அடுக்கு ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு சவ்விலும் மின்னோட்டம் பாயும் பரப்பு 100 சதுர செ.மீ. லிட்டருக்கு 350 மில்லிகிராம் நிக்கல் உள்ள அலசு நீர் 5 லிட்டரை எடுத்து, மின்னோட்டத்தை 0.2 ஆம்பியரில் நிலையாக வைத்துச் சுழற்சியில் ஓட்டினேன். முதல் அரை மணி நேரம் எதிர்பார்த்தபடியே நடந்தது. அதன் பிறகு மின்னழுத்தம் 7 வோல்ட்டிலிருந்து 22 வோல்ட்டுக்கு ஏறியது. சுத்தமாகிக்கொண்டிருந்த நீரின் பிஹெச் 5.5-லிருந்து 3.5-க்கு இறங்கியது. நான்கைந்து முறை ஓட்டிய பின் அடுக்கைப் பிரித்துப் பார்த்தபோது சவ்வுகளில் வெளிர் பச்சைப் படிவு இருந்தது.

இரண்டு ஐயங்கள் எனக்கு உள்ளன. அமிலத்தன்மை கூடும் நீரில் ஹைட்ராக்சைடு எப்படிப் படிய முடியும்? மேலும், அலசு நீரில் பளபளப்பூட்டும் கரிமப் பொருள்களும் இருப்பதால், அவற்றையும் இதே அடுக்கில் மின்முறையால் அழித்துவிட வழி உண்டா?

மின்வேதியியல் ஆசிரியர் எழுதியது:

வணக்கம். நீங்கள் கவனித்துக் குறித்திருக்கும் பிஹெச் மாற்றமே விடையின் பெரும்பகுதியைச் சொல்லிவிடுகிறது. பலர் அதை அளக்காமல் விட்டுவிடுவார்கள்.

சவ்வு செய்யும் வேலையை முதலில் சரியாக நினைவில் கொள்வோம். நேரயனிச் சவ்வின் பாலிமர்ச் சங்கிலியில் சல்போனிக் தொகுதிகள் அசையாமல் பிணைந்திருக்கின்றன. அவை எதிர்மின்னூட்டம் உடையவை என்பதால் நிக்கல் போன்ற நேரயனிகளை உள்ளே விடுகின்றன. சல்பேட்டையும் குளோரைடையும் விலக்குகின்றன. எதிரயனிச் சவ்வில் நான்கிணைய அம்மோனியத் தொகுதிகள் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கின்றன. இந்த விலக்கத்துக்கான கோட்பாட்டை ஃபிரெடரிக் டோனன் 1911-இலேயே வகுத்துவிட்டார். இரு வகைச் சவ்வுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி இருபுறமும் மின்சாரம் கொடுத்தால், ஓர் அறை விட்டு ஓர் அறையில் (நீர்த்த அறை) உப்பு குறையும், அடுத்த அறையில் (செறிவறை) சேரும். இந்த இரண்டும் சேர்ந்ததே ஓர் அறை இணை.

சிக்கல் எங்கே பிறக்கிறது என்றால், சவ்வுக்குள் அயனிகள் கடத்தப்படும் வேகமும் கரைசலுக்குள் அவை கடத்தப்படும் வேகமும் ஒன்றல்ல. சவ்வுக்குள் மின்னோட்டத்தை ஏறக்குறைய முழுவதும் ஒரே வகை அயனி சுமக்கிறது. கரைசலிலோ இரண்டு வகைகளும் பங்கிட்டுச் சுமக்கின்றன. இந்த வேறுபாட்டை ஈடுகட்ட, நீர்த்த அறைப் பக்கத்தில் சவ்வை ஒட்டிய மெல்லிய படலத்துக்குள் அயனிகள் விரவல் மூலம் வந்து சேர வேண்டும். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட அந்தப் படலத்தில் செறிவு குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சவ்வின் முகப்பில் சுழியத்தை நெருங்கிவிடும். அந்த இடத்தில் பாயும் மின்னோட்டம்தான் எல்லை மின்னோட்டம். அதற்கு மேலும் மின்னோட்டத்தைத் திணித்தால், சுமப்பதற்கு உப்பு இல்லாததால் நீர் மூலக்கூறுகளே ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிளக்கத் தொடங்கும்.

இப்போது உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். எதிரயனிச் சவ்வின் நீர்த்த அறைப் பக்கத்தில் நீர் பிளந்தால், ஹைட்ராக்சைடு எதிரயனி என்பதால் சவ்வைக் கடந்து செறிவறைக்குள் போய்விடும். ஹைட்ரஜன் அயனி பின்தங்கி நீர்த்த அறையை அமிலமாக்கும். செறிவறைப் பக்கத்தில் சவ்வை விட்டு வெளியே வரும் ஹைட்ராக்சைடு, அங்கே மிகுந்திருக்கும் நிக்கலைச் சந்தித்தவுடன் படியும். நீங்கள் பிஹெச் அளந்தது ஓர் அறையில், படிவு உண்டானது அடுத்த அறையில். ஆகவே படிவு எதிரயனிச் சவ்வின் செறிவறை முகத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். எந்தச் சவ்வின் எந்த முகத்தில் இருந்தது என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

இது தானாக நேர்ந்த கோளாறு அன்று என்பதையும் கவனியுங்கள். எல்லை மின்னோட்டம் செறிவுக்கு ஏறக்குறைய நேர் விகிதத்தில் குறையும். 350 மில்லிகிராமில் பொருத்தமாக இருந்த 0.2 ஆம்பியர், நீரில் 100 மில்லிகிராம் மட்டுமே மிஞ்சியிருக்கும்போது பல மடங்கு அதிகமாகிவிடுகிறது. 10 அறை இணைகளுக்கும் ஒரே மின்னோட்டம் பாய்வதால், 5 லிட்டரில் உள்ள நிக்கல் முழுவதையும் நகர்த்த உங்களுக்குக் கணக்குப்படி 48 நிமிடங்கள் போதும். அரை மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். மின்னழுத்தம் ஏறத் தொடங்கிய நேரத்தோடு இது ஒத்துப்போகிறது.

சவ்வுப் பராமரிப்பாளர் எழுதியது:

மேலே ஆசிரியர் ஐயா சொன்னதோடு பெரிதும் உடன்படுகிறேன்; ஒரு திருத்தம் மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நிக்கல் அயனி சல்பேட்டு அயனியைவிட மெதுவாக நகர்வது. கரைசலில் மின்னோட்டத்தின் சிறு பங்கையே அது சுமக்கிறது என்பதால், படலத்தில் முதலில் வறண்டுபோவது நேரயனிச் சவ்வின் பக்கம்தான். சல்போனிக் தொகுதிகள் நீரைப் பிளப்பதற்கு அவ்வளவாகத் துணைசெய்வதில்லை என்பதால் அங்கே தொடக்கத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சிறிதளவு நிக்கல் ஹைட்ராக்சைடு அந்த முகத்தில் படிந்துவிட்டால், அந்தப் படிவே நீர் பிளப்பதை முடுக்கிவிடும் வினையூக்கியாக மாறுகிறது. பிறகு படிவு படிவை வளர்க்கும். நேரயனிச் சவ்வில் இது நீர்த்த அறை முகத்தில் தென்படும், ஏனெனில் இங்கே ஹைட்ரஜன் அயனிதான் கடந்து போகும், ஹைட்ராக்சைடு பின்தங்கும். எனவே இரண்டு சவ்வுகளையும் பாருங்கள். குறிப்பாக நீர் வெளியேறும் முனையைப் பாருங்கள், செறிவு மிகக் குறைந்திருக்கும் இடம் அதுவே.

படிவை நீக்க, மின்சாரத்தை நிறுத்திவிட்டு 1 முதல் 2 விழுக்காடு கந்தக அமிலத்தைச் சுழலவிட்டாலே போதும். கரைந்து வருவது நிக்கல் சல்பேட்டு என்பதால் அதை வீணாக்க வேண்டியதில்லை. சவ்வுகளைத் தேய்க்காதீர்கள், பிரித்து வைத்த நேரத்தில் உலரவும் விடாதீர்கள். உலர்ந்து சுருங்கிய சவ்வு மறுபடி நனையும்போது விரிசல் விடக்கூடும், அந்த விரிசல் வழியே இரு அறைகளும் கலந்துவிடும்.

பச்சைப் படிவைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் ஒரு வரியில் சொல்லிப் போன கரிமப் பொருள்கள்தாம். குழிகள் விழாமலிருக்க முலாம் தொட்டியில் சோடியம் லாரைல் சல்பேட்டு போன்ற ஈரமாக்கி சேர்க்கிறீர்கள் என்றால், அது நீண்ட வாலுடைய எதிரயனி. எதிரயனிச் சவ்வு அதை ஈர்த்துக்கொள்ளும், ஆனால் அது சவ்வைக் கடந்து வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும். சவ்வின் மின்தடை நாளுக்கு நாள் ஏறும். அமிலத்தால் கழுவினாலும் போகாது. அடுக்குக்கு முன்னால் கிளர்வூட்டிய கரியும், அதையடுத்து நுண்வடிகட்டியும் வைக்காமல் நிரந்தர அமைப்பைப் பற்றி யோசிக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே ஏறிவிட்ட தடையை, சிறிதளவு காரம் கலந்த உப்புநீரால் கழுவி ஓரளவு மீட்கலாம். முழுவதும் மீளும் என்று நான் சொல்லமாட்டேன்.

முலாம் பிரிவுப் பொறியாளர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இருவர் சொன்னதும் நடந்திருக்கிறது. எதிரயனிச் சவ்வுகளின் செறிவறை முகத்தில் தடித்த படிவு இருந்தது. நேரயனிச் சவ்வுகளின் நீர்த்த அறை முகத்தில், நீர் வெளியேறும் முனையில் மட்டும், மெல்லிய பச்சைப் படலம் இருந்தது.

அமிலத்தால் கழுவிய பின், எல்லை மின்னோட்டத்தை அளந்து பார்த்தேன். நீரோட்டத்தை மாற்றாமல், மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் மின்னழுத்தம் நிலைத்த பிறகு குறித்துக்கொண்டேன். கோவனும் பிரவுனும் 1959-இல் காட்டிய முறைப்படி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வந்த தடையை மின்னோட்டத்தின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக வரைந்தபோது, கோடு திரும்பும் இடம் தெளிவாகத் தெரிந்தது. 350 மில்லிகிராமில் அது 0.24 ஆம்பியர், 100 மில்லிகிராமில் 0.07 ஆம்பியர்.

அப்படியானால் நீரை 10 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றால் மின்னோட்டத்தை மிகவும் தாழ்த்த வேண்டியிருக்கும், சவ்வுப் பரப்பு எக்கச்சக்கமாகத் தேவைப்படும் போலிருக்கிறதே. மின்வாய்களின் திசையை அவ்வப்போது மாற்றி ஓட்டும் முறை இதற்கு உதவுமா?

மின்வேதியியல் ஆசிரியர் எழுதியது:

நல்ல அளவீடு. 350-க்கு 0.24, 100-க்கு 0.07 என்ற இரண்டு எண்களின் விகிதம் செறிவுகளின் விகிதத்தோடு ஏறக்குறைய பொருந்துகிறது என்பதே உங்கள் அளவீட்டின்மேல் நம்பிக்கை தருகிறது.

திசைமாற்றத்தைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான விடை: உங்களுக்கு வேண்டாம். 1970-களில் உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் அது பரவியது. கால்சியம் படிவுகள் வளர்வதற்குள் கரைந்துபோகும்படி 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை திசையை மாற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் நீர்த்த அறை செறிவறையாகிறது, செறிவறை நீர்த்த அறையாகிறது. இடைப்பட்ட நீர் இரண்டுங்கெட்டானாகப் போகும். செறிவை, அதாவது செறிவறையில் சேரும் கரைசலை, வெளியே கொட்டுகிறவர்களுக்கு அது பொருட்டல்ல. செறிவையே தொட்டிக்குத் திருப்ப விரும்பும் உங்களுக்கு அது இழப்பு.

நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. நீங்கள் ஏன் 10 மில்லிகிராமுக்கு இறங்க முயல்கிறீர்கள்? எலக்ட்ரோடயாலிசிஸ் அடுக்கைக் கழிவுநீர்க் குழாயின் முடிவில் வைக்கும் கருவியாக நினைப்பதால்தான் இந்தக் கட்டாயம் எழுகிறது. அதை முலாம் தொட்டிக்கு அடுத்து நிற்கும் முதல் அலசு தொட்டியோடு இணைத்துப் பாருங்கள். அந்தத் தொட்டியின் நீர் தூய்மையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்குப் பின்னால் இரண்டு அலசு தொட்டிகள் இருக்கின்றன. பொருள்களோடு ஒட்டி மணிக்கு எவ்வளவு நிக்கல் உள்ளே வருகிறதோ அவ்வளவை மணிதோறும் அடுக்கு வெளியே எடுத்தால் போதும். தொட்டியின் செறிவு லிட்டருக்கு 1 கிராம் அளவில் நிலையாக நின்றுவிடும். அந்தச் செறிவில் உங்கள் அடுக்கின் எல்லை மின்னோட்டம் சுமார் 0.69 ஆம்பியர் வரும். அதில் 70 விழுக்காட்டைத் தாண்டாமல் 0.48 ஆம்பியரில் ஓட்டினால் நீர் பிளக்காது. பின்னால் உள்ள தொட்டிகளுக்குப் போகும் நிக்கலும் அதற்கேற்பக் குறைந்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மோல் மின்னூட்டத்துக்கு 96,485 கூலூம் என்பதால், 1 கிலோ நிக்கலை ஓர் அறை இணைக்குள் நகர்த்த ஏறக்குறைய 913 ஆம்பியர்-மணி தேவை. மின்னோட்டத் திறனை 85 விழுக்காடு என்று வைத்தால் 1,075. ஓர் அறை இணைக்கு அரை வோல்ட் என்றால், கிலோ நிக்கலுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் போதும். உங்கள் மணிக்கு 60 கிராமுக்கு, சதுர மீட்டருக்கு 50 ஆம்பியர் வீதத்தில், ஒவ்வொரு வகைச் சவ்விலும் சுமார் 1.3 சதுர மீட்டர் வேண்டும். இது மேசைமேல் வைக்கக்கூடிய அளவுள்ள அடுக்குதான். இதே 60 கிராமை 100 மில்லிகிராம் செறிவுள்ள நீரிலிருந்து எடுக்க நினைத்தால் பரப்பு பத்து மடங்காகும்.

ஆக்சிஜனேற்ற ஆய்வாளர் எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். கரிமப் பொருளைச் சவ்வு அழிக்காது. மின்னூட்டம் உள்ளதை நகர்த்தும், இல்லாததை அப்படியே விட்டுவிடும். உங்கள் கரைசலில் சாக்கரின் இருந்தால் அது எதிரயனியாக இருப்பதால் நிக்கலோடு செறிவறைக்கே போய்ச் சேரும். அது தொட்டிக்குத் திரும்புவது நல்லதுதான். பியூட்டைன்டையால் வகைப் பளபளப்பூட்டிகளுக்கு மின்னூட்டம் இல்லாததால் அவை அலசு நீரிலேயே தங்கும். போரிக் அமிலமும் அந்த பிஹெச் அளவில் மின்னூட்டமற்றதுதான். ஆகவே அதுவும் தங்கிவிடும், முலாம் தொட்டியில் அதைத் தனியாக ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

தங்கியதை நேர்மின்வாயில் ஆக்சிஜனேற்றம் செய்து அழிக்க முடியும். போரான் கலந்த வைர மின்வாயின் பரப்பில் உண்டாகும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் பெரும்பாலான கரிமப் பொருள்களைச் சிதைத்துவிடும். ஆனால் அதற்கு ஆகும் மின்சாரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1 கிலோ வேதியியல் ஆக்சிஜன் தேவையை (கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) தீர்க்க, ஓர் எலக்ட்ரான்கூட வீணாகாத நிலையிலேயே 3,350 ஆம்பியர்-மணி வேண்டும். கலத்துக்கு 5 வோல்ட் என்றால் அது ஏறக்குறைய 17 யூனிட். நீரில் கரிமப் பொருள் குறைவாக இருக்கும்போது பெரும்பங்கு மின்னோட்டம் ஆக்சிஜன் வாயுவை வெளியிடுவதிலேயே செலவாகும் என்பதால், உண்மையில் பல மடங்கு அதிகமாகும். மேலே நிக்கலுக்குச் சொன்ன அரை யூனிட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய தடை குளோரைடு. உங்கள் அலசு நீரில் நிக்கல் குளோரைடு இருக்கிறது. அது நேர்மின்வாயைத் தொட்டால் குளோரின் உண்டாகும். குளோரின் கரிமப் பொருளோடு சேர்ந்தால் குளோரினேற்றமடைந்த சேர்மங்கள் உண்டாகும். வைர மின்வாயில் குளோரேட்டும் பெர்குளோரேட்டும்கூட உண்டாகக்கூடும். இருந்த மாசைவிட மோசமான மாசை நாமே உருவாக்குவதாக முடியும். அளவு குறைவாக இருக்கும் உங்கள் நிலையில் கிளர்வூட்டிய கரிதான் பொருத்தமானது. எதிரயனிச் சவ்வைக் காக்க அது எப்படியும் தேவைப்படுகிறது என்று மேலே நண்பர் சொல்லிவிட்டார்.

இதே காரணத்தால், அடுக்கின் மின்வாய் அறைகளில் அலசு நீரைச் செலுத்தாமல், சற்று அமிலமாக்கிய சோடியம் சல்பேட்டுக் கரைசலைத் தனியாகச் சுழலவிடுங்கள். இரு முனைகளிலும் நேரயனிச் சவ்வே இருக்கட்டும், குளோரைடு நேர்மின்வாயை எட்டாது. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால், மூடிய அறையில் காற்றோட்டம் இல்லாமல் ஓட்டவே கூடாது.

சவ்வுப் பராமரிப்பாளர் எழுதியது:

அந்தக் கடைசி அமைப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. முனையில் உள்ள நேரயனிச் சவ்வு வழியாக மின்வாய்க் கரைசலின் சோடியம் முதல் செறிவறைக்குள் நுழையும். மறுமுனையில் அதே அளவுக்கு நிக்கல் மின்வாய்க் கரைசலுக்குள் இழக்கப்படும். 10 அறை இணைகள் கொண்ட உங்கள் சிறிய அடுக்கில் இது பத்தில் ஒரு பங்கு. 100 இணைகள் கொண்ட அடுக்கில் நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே சிறிய அடுக்கின் செறிவில் சோடியம் அதிகமாகத் தெரிந்தால், முறையே தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

முலாம் பிரிவுப் பொறியாளர் எழுதியது:

முதல் அலசு தொட்டியோடு இணைப்பது என்ற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. அது இந்த வேலையின் அளவையே மாற்றிவிட்டது. ஒன்று மட்டும் தெளிவாக வேண்டும். முலாம் தொட்டியில் லிட்டருக்கு 70 கிராம் நிக்கல் இருக்கிறது. செறிவறையிலிருந்து அவ்வளவு செறிவான கரைசலை எடுக்க முடியுமா?

மின்வேதியியல் ஆசிரியர் எழுதியது:

முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. அயனிகள் சவ்வைக் கடக்கும்போது தம்மைச் சூழ்ந்த நீரையும் உடன் இழுத்துச் செல்கின்றன, அதனால் செறிவுக்கு இயல்பாகவே ஓர் உச்சவரம்பு உண்டு. செறிவு ஏற ஏறச் சவ்வின் விலக்கும் திறனும் குறைந்து, உப்பு பின்னோக்கிக் கசியும். லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் நிக்கல் என்பதை இலக்காக வையுங்கள். உங்கள் முலாம் தொட்டி 55 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் என்று கொள்கிறேன். அதிலிருந்து நாள்தோறும் நீர் ஆவியாகிறது, அந்த இடத்தை இப்போது தூய நீரால் நிரப்புகிறீர்கள். அதற்குப் பதிலாக இந்தச் செறிவை ஊற்றுங்கள். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் ஆவியாகிறது என்று ஒரு வாரம் அளந்து பார்த்தால், செறிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுவரை கசடோடு வெளியேறிக்கொண்டிருந்த இரும்பு, தாமிரம், துத்தநாகம் ஆகிய மாசுகளையும் நேரயனிச் சவ்வு நிக்கலைப் போலவே கடத்தும். அவை இனி தொட்டிக்கே திரும்பும். நேரயனிகள் என்ற முறையில் சவ்வுக்கு இவற்றிடையே பெரிய வேறுபாடு தெரியாது. எனவே செறிவை ஊற்றத் தொடங்கும் நாளிலிருந்து தொட்டியில் இந்த மூன்று உலோகங்களையும் வாரந்தோறும் அளந்து குறித்து வாருங்கள். தாமிரமும் துத்தநாகமும் ஏறத் தொடங்கினால், தாழ்ந்த மின்னோட்டத்தில் போலித் தகட்டின்மேல் அவற்றைப் படியவைத்து எடுத்துவிடலாம். இரும்பை ஆக்சிஜனேற்றி, பிஹெச் அளவைச் சற்று உயர்த்தி வடிகட்ட வேண்டும். முதல் மாத அளவீடுகளை இங்கே பதிவிட்டால், எந்த இடைவெளியில் இதைச் செய்ய வேண்டும் என்று சேர்ந்து கணக்கிடுவோம்.